உட்காரத் தெரியாத அந்தரம் அண்ணை

சுவிஸ் நாட்டுக்கு வந்த தமிழர்களில் உட்காரவே தெரியாத ஒரே மனிதர் எங்கள் அந்தரம் அண்ணைதான். அந்தரம் என்றால் யாழ்ப்பாணத்தில் அவசரம். சூரிச்சில் அவருக்கும் எனக்கும் வீடுகளும் படிக்கட்டுகளும் துப்புரவு செய்கிற வேலை. ட்ராம் காலியாக வந்தாலும் கதவடியில் நின்றுதான் வருவார். கல்யாண வீட்டில் தாலி ஏறும் முன்பே அட்சதையைப் போட்டுவிட்டு, சாப்பாட்டைப் பார்சல் கட்டிக்கொண்டு பறந்துவிடுவார்.

2009 மே மாதம், படிக்கட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது அவருக்குப் போன் வந்தது. வன்னியில் அம்மா செத்துப்போனா.

“அண்ணை, வீட்டை போங்கோ.”

“போய் என்ன செய்யிறது தம்பி? மூண்டாம் மாடி அப்பிடியே கிடக்கு.”

கழுவினார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

அடுத்த வருடம், நாங்கள் வாராவாரம் துப்புரவு செய்யும் ஒரு யூதக் கிழவரின் மனைவி இறந்துவிட்டார். எங்களுக்கு அது தெரியாது. வழக்கம்போலப் போனோம். கதவு திறந்தே கிடந்தது. நடையில் இருந்த பெரிய கண்ணாடியை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். “பாவம், துடைக்க ஆளில்லாமல் மூடி வச்சிருக்கினம்” என்று அண்ணை துணியை உருவிப் போட்டு, ஸ்ப்ரே அடித்து, பளபளவென்று துடைத்துவிட்டார். உள்ளே போனால் கிழவர் ஒரு குட்டி முக்காலியில், சட்டைக் கழுத்து கிழிந்தபடி இருக்கிறார். சுற்றிவரப் பத்துப் பேர், மூச்சுக் காட்டாமல். அண்ணைக்குக் கிழிசல்தான் கண்ணில் பட்டது.

“சட்டையைத் தாங்கோ ஐயா, என்ரை மனிசி தைச்சுத் தருவா” என்றார், தன் அரைகுறை ஜெர்மனில்.

மகள் ஓடிவந்து விளக்கினாள். துக்க வீடு. ஏழு நாளும் அப்பா வேலை எதுவும் செய்யாமல் தாழ்வாகத்தான் உட்கார்ந்திருப்பார், கண்ணாடி பார்க்கமாட்டார், சட்டையைக் கிழித்ததும் துக்கத்துக்காகத்தான், அவராகப் பேசும்வரை வந்தவர்கள் பேசக்கூடாது. அண்ணை நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடிப்போய்க் கண்ணாடியை மூடினார்.

கிழவரே வாயைத் திறந்தார். “உங்கள் ஆட்களுக்கு எத்தனை நாள்?”

“முப்பத்தொண்டு!” என்றார் அண்ணை, ஜெயித்துவிட்டவர்போல்.

“கடைசியாக யாருக்குத் துக்கம் இருந்தாய்?”

அண்ணை அப்படியே தரையில் உட்கார்ந்து, “அம்மாவுக்கு இருக்கேல்லை” என்று தமிழில் சொல்லி அழுதார். ஒரு வருடம் பிந்தி வந்த அழுகை, லேசில் நிற்கவில்லை. அங்கே ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஒருவரும் எழும்பிப் போகவும் இல்லை. மகள் தகப்பனின் தட்டிலிருந்து, துக்கம் இருப்பவர்களுக்கென்று வைக்கிற அவித்த முட்டை ஒன்றை எடுத்து அண்ணையின் கையில் வைத்தாள்.

போன மாரியில் அண்ணை மாரடைப்பில் போய்விட்டார். வேலையில் ஒரு வாரம் லீவு கேட்டேன். “என்ன உறவு?” என்று கேட்டார்கள். “கூட வேலை செய்தவர்” என்றேன். அரை நாள் தந்தார்கள்.

என் அண்ணன் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யாகவும் இருந்திருக்காது.