மாய் யாங்கின் உயிரும் முட்டையில்லாத கேக்கும்

கிட்ட வாருங்கள், என் செல்லங்களே. அந்தப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் பக்கமாகச் சரிந்து உட்காருங்கள். நேச நாடுகளின் நன்றியுணர்ச்சி எவ்வளவு மகத்தானது என்று இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

லாவோஸ் மலைகளில் ஹ்மொங் என்றொரு சனம். அமெரிக்கர் அங்கே இரகசியமாக நடத்திய யுத்தத்தில் அவர்கள் பக்கம் நின்று சண்டை பிடித்தவர்கள். துவா யாங் மீசை முளைக்காத வயதில் ரேடியோவில் பேசும் வேலை பார்த்தார். தோற்றதும், "விமானம் வருகிறது, காத்திரு" என்றார்கள். காத்திருந்தார். காட்டிலும் காத்திருந்தார், தாய்லாந்து முகாமிலும் காத்திருந்தார். ஐம்பதே வருடத்தில், மின்னல் வேகத்தில், நேச நாடுகளில் ஒன்று அவரையும் மனைவியையும் மெல்பேர்ணுக்குக் கூட்டி வந்து, அதன் புறநகரான கிரான்பர்னில் வீடும் கொடுத்துவிட்டது!

அவர்களைப் பராமரிக்க இங்குள்ள எங்கள் ஈழத்துச் சனம் அமைத்ததுதான் 'போர்க்கால நண்பர் வரவேற்புச் சபை'. தலைவர் அரியரத்தினம் அங்கிள். காரோட்டும் தொண்டர் ரஞ்சினி. அவளும் ஒரு காலத்தில் அகதியாக வள்ளமேறி வந்தவள்தான்.

துவாவின் இங்கிலீஷ் முழுக்க ரேடியோவில் படித்தது. பேசி முடித்ததும் "ஓவர்" என்பார். 'இனி நீ பேசு' என்று அர்த்தம். சொல்லிவிட்டு, பதில் வரும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"மனைவி சாப்பிடுவதில்லை. உயிர் வழியில் பின்தங்கிவிட்டது. ஓவர்."

வந்த நாள் தொட்டு மாய் யாங் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். எல்லாம் நோர்மல் என்றார் டொக்டர். நோர்மலாகவே செத்துப்போவாள் என்று ரஞ்சினிக்குப் பயம் பிடித்தது. வழிதவறிய உயிரை வீட்டு வாசலில் நின்று, சேவல், முட்டை, சோறு, ஊதுபத்தியோடு பேர் சொல்லிக் கூப்பிடுவது ஹ்மொங் வழக்கம். துவா கேட்டது அது ஒன்றைத்தான்.

மினிஸ்டரையும் அழைத்துப் பெரிய விழாவாகவே செய்வது என்று சபை அவசரமாகக் கூடியது.

"சேவலோ? எங்கட மண்டபத்தில மச்சம் மாமிசம் சேர்க்கேலாது" என்றார் அரியரத்தினம் அங்கிள்.

"மண்டபத்தில இல்லை அங்கிள். அவையின்ர வீட்டு வாசல்ல" என்றாள் ரஞ்சினி.

"அங்க மினிஸ்டர் காரை எங்க விடுறது? உயிர் மண்டபத்துக்கே வரட்டும். பார்க்கிங் தாராளம்."

"ஊதுபத்தி?"

"புகைக்கு அலாம் அடிக்கும். பற்றரி விளக்கு வைப்பம்."

"முட்டை?"

செயலாளர் தேவராஜா கண்ணை மூடித் தியானித்தார். "முட்டையில்லாத கேக் வெட்டுவம். மேல ஐசிங்கில சேவல் படம் கீறலாம்."

ஏகமனதாக நிறைவேறியது. உயிரானது ஞாயிறு காலை பத்து மணிக்குச் 'சமூகமளிக்க வேண்டும்' என்றும் தீர்மானித்தார்கள்.

ஞாயிறன்று மாய் காரின் பின் கதிரையில் நனைந்த துணிபோலச் சாய்ந்து கிடந்தாள். பாதி வழியில் துவா மெல்லச் சொன்னார்: "எங்கள் வாசல் பின்னால் போகிறது. ஓவர்."

சொல்லிவிட்டு ரஞ்சினியின் முகத்தையே பார்த்தார். எவ்வளவு நேரம்தான் ரோட்டைப் பார்க்கிற மாதிரி நடிக்கலாம்? காரைத் திருப்பினாள்.

வழியில் யோகா அன்ரி வீடு. கவுன்சிலுக்குத் தெரியாமல் அவர் வளர்க்கும் சேவல் துணியில் சுற்றப்பட்டுக் கைமாறியது.

"திருப்பித் தருவியோ பிள்ளை?"

"பார்ப்பம் அன்ரி" என்றாள் ரஞ்சினி, சேவலின் கண்ணைப் பார்க்காமல்.

மாய் யாங்கை வாசலுக்கு உள்ளே சுவரோரக் கட்டிலில் கிடத்திவிட்டு, சோற்றைக் கோப்பையில் போட்டு, வாசலில் ஊதுபத்தி கொளுத்தும்போது அரியரத்தினம் அங்கிளின் போன் வந்தது.

"எங்க நிக்கிறியள்? மினிஸ்டர் வந்திட்டார், கேக் உருகுது! மைக் ரெடி, நானே கூப்பிடுறன். அதுசரி, அந்த மனுசிக்கு என்ன பேர்?"

இத்தனை கூட்டத்துக்குப் பிறகு இப்போதுதான் பேர் தேவைப்பட்டிருக்கிறது. ரஞ்சினி போனை அணைத்தாள்.

துவா கதவை அகலத் திறந்து, முட்டையைக் கையில் ஏந்தி, தெருவைப் பார்த்துத் தன் பாஷையில் கூப்பிட்டார். அவர் பிறகு ரஞ்சினிக்கு விளக்கியபடி அது இதுதான்:

"மாய், மலையில் நிற்காதே. முகாமில் நிற்காதே. விமான நிலையத்தில் வரிசையில் நிற்காதே. வீடு இதுதான். வா."

கடைசியில் பழக்கதோஷம்: "ஓவர்."

காத்திருந்தார். ஊதுபத்திப் புகைக்கு வீட்டு அலாம் வீறிட்டது. சேவலும் சேர்ந்து கூவியது. மாய் மெல்லக் கண்ணைத் திறந்து, சுவரை விட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"கேட்கிறது, கத்தாதே. சோறு ஆறுகிறது."

வாழ்நாளெல்லாம் 'ஓவர்' சொல்லிக் காத்திருந்த மனுசனுக்குக் கூப்பிட்டவுடன் பதில் கொடுத்தவள் அவள் ஒருத்திதான், அதுவும் பாதி உயிரோடு. நேச நாடுகளுக்கு முழு உயிரும் இருந்தது, செல்லங்களே.

உங்கள் வாசலில் நின்று யார் கூப்பிட்டாலும், உள்ளேயிருந்து ஒரு குரல் "வாறன்" என்று சொல்லட்டும். உங்கள் வீட்டுப் பானையில் என்றைக்கும் ஆளுக்கு ஒரு பிடி சோறு கூடுதலாகவே இருக்கட்டும்.