செல்கள் திருந்திவிட்டன, அக்கா!

அன்பும் மதிப்பும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம்; என் ஆய்வகத்துச் செல்கள் என்னைவிட நலம். அத்தானின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

"புட்டி கழுவுறதெல்லாம் ஒரு வேலையாடா?" என்று போனில் கேட்டாயே, இப்போது கேள்! சோதனையில் மூன்றாவது முறையும் அதே முடிவு வந்தால்தான் என்னை நிரந்தரமாக்குவேன் என்று எங்கள் ஆய்வகத் தலைவி மேடம் சொல்லியிருந்தார், வந்துவிட்டது அக்கா! நாங்கள் வளர்ப்பவை ரத்தப் புற்றுநோய்ச் செல்கள். அதுங்க முதிரவே முதிராது, பெருகிக்கொண்டே போகும்; கழுதை வயதாகியும் பொறுப்பு வராத உன் கொழுந்தன் மாதிரி. மருந்து கொடுத்து நான்கு நாள் வைத்தால், பெருகச் சொல்லும் ஜீன் வாயை மூடிக்கொள்கிறதா, அதை அடக்கும் ஜீன் விழித்துக்கொள்கிறதா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. இந்த மூன்றாவது முறை லேசில் வந்ததா? ஸ்பிரிட் போட்டுத் துடைத்ததில் புட்டிகளில் எழுதியிருந்த அடையாளமெல்லாம் அழிந்து, எது மருந்து குடித்தது, எது குடிக்காதது என்றே தெரியாமல் அத்தனையையும் கொட்டினேன். அடுத்த தடவை, செல்களை இளஞ்சூட்டில் வைக்கும் இன்குபேட்டர் கதவை யாரோ (நான்தான், வெளியே சொல்லாதே) சரியாகச் சாத்தாமல் மொத்தமும் செத்தது. மருந்தோ வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும், அதனால் விளக்கை அணைத்துவிட்டுத் தடவித் தடவிக் கலந்தேன். இன்று காலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஐயோ அக்கா, உருண்டையாக இருந்த உட்கரு ஒவ்வொன்றும் மடல் மடலாகப் பிரிந்து, நிஜ வெள்ளையணு மாதிரியே! பெருகச் சொல்லும் ஜீனின் ஆட்டம் முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மேடம் "அசத்திட்டீங்க, போங்க!" என்று கத்தி, என் பணி நிரந்தர ஆர்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தப் படத்தோடு கருத்தரங்குக்குப் போய்விட்டார். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

அத்தானுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம். உன் ஆசி என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
நிரந்தரமாகிவிட்ட உன் தம்பி

பி.கு.: சந்தோஷத்தில் ஃப்ரிட்ஜை ஒழுங்குபடுத்தப் போனேன். இந்த முறைக்கென்று வாங்கிய மருந்துக் குப்பி சீல்கூட உடைக்காமல் உட்கார்ந்திருக்கிறது, பாவி! மருந்தைக் கரைக்கும் திரவத்தை மட்டும் இருட்டில் தாராளமாக ஊற்றியிருக்கிறேன். அளவு மிஞ்சினால் அதுவே செல்களை முதிர வைத்துவிடும். மேடம் போனை எடுக்கவில்லை, பத்து நிமிடத்தில் மேடை ஏறுகிறார். நாளைக்கு யாராவது ஒரு டாக்டர் இதை நம்பிவிட்டால்? கருத்தரங்குக் கூடம் எதிர்க் கட்டிடம்தான். ஆர்டரையும் கையோடு எடுத்துக்கொண்டேன், திருப்பிக் கொடுக்கணுமே. ஓடறேன் அக்கா.