மச்சானுக்கு ஓர் உயிர் தேவை

'ஓசி ஆட்டக்காரர்' என்றொரு இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கைப்பேசியில் பழங்களை வரிசைசேர்த்து வெடிக்கவைக்கும் விளையாட்டை இலவசமாக இறக்கிக்கொண்டு, "காலணா செலவழிச்சதில்ல" என்று கேட்காதவரிடமும் பெருமையடித்து, உயிர்கள் தீர்ந்ததும் பல்லைக் கடித்து, விளம்பரத்தை மூடும் எள்ளளவு பெருக்கல் குறியைத் துழாவி, தவறான இடத்தைத் தொட்டு, வேண்டாத செயலி ஒன்றையும் இறக்கிவைத்துவிட்டுத் திரும்புவாரே, அவர்தான்.

எங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். அக்காவின் கணவர். தொழில், கணக்காளர். அலுவலகத்தில் யாராவது தேநீர் குடித்தால்கூட ரசீது கேட்பார்.

அப்பாவுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. வெளியே இரும்பு நாற்காலிகளில் காத்திருந்தோம். அம்மா கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அக்கா கதவின் மேலிருந்த சிவப்பு விளக்கைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை. மச்சான் மட்டும் மூலையில் குனிந்து உட்கார்ந்திருந்தார். பாவம், அழுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

திடீரென்று துள்ளி எழுந்தார். "போச்சு! இருந்தது ஒரே ஒரு உயிர், அதுவும் போச்சு!"

அம்மா போட்ட அலறலில் மருந்து வண்டி தள்ளிவந்த செவிலியர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அக்கா மயங்கிச் சாய்ந்தாள். முன்பின் தெரியாத ஒருவர் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, "மனச தேத்திக்கப்பா" என்றார். அவர் தோளில் முகம் புதைத்து நானும் கதறினேன்.

யாரோ என் சட்டையை இழுத்தார்கள். மச்சான்.

"மாப்ளே, உன் போனைக் கொஞ்சம் குடேன். எனக்கு ஒரு உயிர் அனுப்பிக்கிறேன்."

மயங்கிக் கிடந்த அக்கா நிமிர்ந்தாள். தண்ணீர்கூடத் தெளிக்க வேண்டியிருக்கவில்லை. மச்சானின் கைப்பேசியைப் பிடுங்கித் திரையைப் பார்த்தாள்.

"'பொக்கிஷப் பெட்டி வாங்கியதற்கு நன்றி'ன்னு வந்திருக்கே, என்னங்க இது?"

"அது... தள்ளுபடில கெடச்சுது."

"கீழ வரிசையா இத்தனை நன்றி சொல்லியிருக்கான்?"

"எல்லாமே தள்ளுபடிதான்டி."

கதவு திறந்தது. மருத்துவர் வெளியே வந்தார். "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. பயப்பட ஒண்ணுமில்ல. ஆமா, யாரு அப்படிக் கத்துனது?"

அம்மா அழுதுகொண்டே மச்சானைக் காட்டினாள். அக்கா அவர் கண்ணெதிரே விளையாட்டை அழித்தாள். அவர் முகத்தைப் பார்த்திருந்தால் நோயாளி அவர்தான் என்று சத்தியம் செய்திருப்பீர்கள்.

மறுநாள் அப்பா தெளிவாகப் பேசினார். அம்மாவின் கையைத் தடவினார். என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு மச்சானை அருகே அழைத்தார்.

"மாப்பிள்ளை, அந்தத் தர்பூசணிப் பாறையை எப்படித்தான் ஒடைக்கிறது? காசு போட்டு சுத்தியல் வாங்கியும் அசைய மாட்டேங்குதே!"

அக்கா அப்பாவின் கைப்பேசியைத் தேடிக் கிளம்பிவிட்டாள்.

நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால், 'உங்கள் பரிசு காத்திருக்கிறது' என்று இன்று காலை உங்கள் திரையில் ஒன்று எட்டிப்பார்த்ததே, அதைத் தள்ளிவிட்டீர்களா, தொட்டுவிட்டீர்களா? என்னிடம் சொல்ல வேண்டாம். அக்கா பக்கத்தில்தான் நிற்கிறாள்.