கிதாரிடம் டிக்கெட் கேட்ட விவரம்

ரேஸ் கோர்ஸ் ரோடு,
சிங்கப்பூர்.
14-3-1962, புதன்கிழமை

குளுவாங் மளிகைக் கடை முதலாளியும், வெள்ளிக்கிழமை பஜனை மன்றத்தின் பிடில் வித்வானும், என் மதிப்பிற்குரிய சம்பந்தியுமான தனசேகரன் அவர்கள் சமூகத்துக்கு, மருதப்பன் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி பூவம்மா, மகள் கமலா, தங்கள் மகனும் என் மாப்பிள்ளையுமான தங்கராஜு ஆகிய நால்வரும், என் மானம் ஒன்றைத் தவிர மற்றபடி சுகமாக இருக்கிறோம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் கடையும் பிடிலும் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன்.

தாங்கள் போன மாதம் எழுதிய கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மாப்பிள்ளைக்குத் தெரியாமல்தான் படிக்க நினைத்தேன். ஆனால் வாய்விட்டுப் படித்தால்தான் எனக்குப் புரியும் என்பதால் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. "எட்டு வருஷம் பிடில் சொல்லிக்கொடுத்தேன். அதை வைத்துவிட்டுக் கிதாரை எடுத்தான், பொறுத்துக்கொண்டேன். இப்போது மேடையில் கோமாளித்தனம் செய்கிறானாம். ஒரு மாதத்தில் அதை விடாவிட்டால் நானே ரயிலேறி வந்து கிதாரைப் பிடுங்கிக்கொண்டு, அவனைக் கடைக்கு இழுத்து வருவேன்" என்று எழுதியிருந்தீர்கள். பதினொரு மாதமாகத் தாங்கள் மகனோடு பேசுவதில்லை. கடிதங்களையும் என் பெயருக்கே எழுதுகிறீர்கள். தமக்கு லீவான நாட்களில் தபால்காரர் வரும் நேரத்துக்கு மாப்பிள்ளை வாசலில் போய் நிற்பார். உறையை வாங்கிப் பார்த்துவிட்டு, "மாமா, ஒங்களுக்குத்தான்" என்று கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் பூவம்மா மேல் கோபப்படுகிறேன். இவர் குளுவாங்குக்கு வந்துவிட்டால் கமலாவின் பாடும் கஷ்டம். இப்போதுதான் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை நிரந்தரமாகியிருக்கிறது.

அந்தக் கோமாளித்தனம் என்னவென்று தாங்கள் கேள்விப்பட்டதோடு சரி, நான் அதோடு குடித்தனம் நடத்துகிறேன். மாப்பிள்ளையின் கூட்டாளி இராஜரத்தினம் என்று ஒரு யாழ்ப்பாணத்துக்காரர், கவர்மெண்டு ஆபீசில் கிளார்க், ஆறடி நாலங்குல உயரம். நம் மாப்பிள்ளை ஐந்தடி இரண்டு என்பது தாங்கள் அறிந்ததே. உயரமானவர் கையில் குழந்தை விளையாட்டுச் சாமான் மாதிரி உக்குலேலே என்று ஒரு குட்டிக் கிதார், குள்ளமானவர் கையில் ஆளையே மறைக்கும் கிதார். இரண்டு பேரும் சேர்ந்து 'கம்பமும் கம்பியும்' என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை கிதாரைத் தலைக்குப் பின்னால் வைத்து வாசிக்கிறார். இடது கையால் வாசித்துக்கொண்டே வலது கையால் காப்பி குடிக்கிறார், ஒரு ஸ்வரம் தப்புவதில்லை, ஒரு சொட்டு சிந்துவதுமில்லை. தேக்கா மார்க்கெட்டில் கோழியைத் தராசில் வைத்தால் அது எப்படி ஆட்சேபிக்குமோ அதை அப்படியே கம்பியில் எடுக்கிறார். போகட்டும் என்று பார்த்தால், மேட்டில் ஏறும்போது எங்கள் கம்பெனி பஸ் கியர் மாறும் முனகலையும் வாசிக்கிறார். இருபத்திரண்டு வருஷமாகப் பஸ்ஸில் டிக்கெட் இன்ஸ்பெக்டராக இருக்கும் மாமனார் எதிரிலேயே இதைச் செய்தால் என்ன அர்த்தம்? நான் சிரிக்கிற ஆள் இல்லை சம்பந்தி. இன்ஸ்பெக்டர் ஒரு தடவை சிரித்தால் மறுநாள் பாதி பஸ் டிக்கெட் எடுக்காது.

ஆகவே தங்கள் கடிதம் வந்த அன்று மாலையே மாப்பிள்ளையை உட்கார வைத்து, "வாசிக்கிறதுன்னா ஒழுங்கா வாசிங்க மாப்பிள்ளை. இனிமே சேட்டை கூடாது. அப்பா மனசு நோகுது" என்று சொன்னேன். நான் ஒரு பெரிய வாக்குவாதத்துக்குத் தயாராகி, இரண்டு டம்ளர் தண்ணீர்கூடக் குடித்து வைத்திருந்தேன். அவரோ, "சரி மாமா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து வீட்டில் சேட்டை இல்லை. ஒழுங்காக வாசித்தார். கீர்த்தனை வாசித்தார், மேல்நாட்டுச் சங்கீதம் வாசித்தார், எல்லாம் சுத்தமாக இருந்தது. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் யாரும் பேசுவதில்லை. கமலா பரீட்சைத் தாள் திருத்தும்போது பிள்ளைகளுக்கு மார்க்கே போடவில்லை. பின்பக்கத்து வீட்டு ஜைனப் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்னண்ணே, வீட்ல யாருக்கும் ஒடம்பு சரியில்லையா? சிரிப்புச் சத்தமே காணோம்லா" என்று கேட்டு, ஒரு கிண்ணத்தில் கஞ்சி கொடுத்தனுப்பினார். எல்லாரும் சுகம் என்று சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை. கஞ்சி நன்றாக இருந்தது.

இதற்கு நடுவில், போன சனிக்கிழமை மாலை வாலிபர் சங்கத்தின் கலை விழா, நியூ வேர்ல்ட் கேளிக்கைப் பூங்கா மேடையில். 'கம்பமும் கம்பியும்' பெயரைப் போட்டு நோட்டீசே அடித்துவிட்டார்கள். வாக்குக் கொடுத்ததை மாற்றக் கூடாது என்பதால், "போங்க, ஆனா வேடிக்கை ஒண்ணும் வேணாம், வாசிச்சிட்டு வந்துடுங்க" என்று அனுமதி கொடுத்தேன். சரியாக நடக்கிறதா என்று பார்க்க நானே டியூட்டி முடிந்து நேராக, யூனிபாரம் தொப்பியோடு போய், பூவம்மாவுக்கும் கமலாவுக்கும் பக்கத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.

திரை விலகியதும் உயரத்தையும் குள்ளத்தையும் பார்த்தே ஜனங்கள் சிரிக்கத் தயாரானார்கள். இவர்கள் இரண்டு பேரும் கும்பிட்டுவிட்டு, முகத்தில் ஈயாடாமல், சுத்தமான சங்கீதம் ஆரம்பித்தார்கள். இரண்டு நிமிஷம் கூட்டம் காத்துப் பார்த்தது. அப்புறம் கச்சாங் கடலைப் பொட்டலம் பிரிக்கிற சத்தம். அப்புறம் பேச்சு. எனக்குப் பின்னால் இருந்த ஒருவர் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி உட்கார்ந்து, யாரோ ஒருவருடைய கல்யாணத்தில் பாயசம் தீர்ந்துபோன கதையைச் சொல்ல ஆரம்பித்தார். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை மூஞ்சியைப் பாருங்க. ஒங்களாலதான்" என்று பூவம்மா என் தொடையில் கிள்ளினாள். பார்த்தேன். சம்பந்தி, தாங்கள் அந்த முகத்தைப் பார்க்காதது நல்லதாயிற்று. காலியான பஸ்ஸில் கடைசி ஸ்டாப் வரைக்கும் தனியாகப் போகிற ஆள் முகம் மாதிரி இருந்தது.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. மாப்பிள்ளை மேல் இல்லை, இந்த ஜனங்கள் மேல். இவ்வளவு நன்றாக வாசிக்கிறவனைக் கேட்காமல் என்ன பாயசம் வேண்டியிருக்கிறது? எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "சத்தம் போடாதீங்க!" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், என் வாயிலிருந்து வந்தது, "டிக்கெட்டை எடுங்க!"

ஐந்நூறு பேரும் ஒரு நொடியில் அடங்கினார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் நிஜமாகவே சட்டைப் பையில் கை விட்டார்கள். அந்த நிசப்தத்தில், எனக்குப் பின்னால் மேடையிலிருந்து என் குரல் மறுபடி கேட்டது. கிதாரில்! 'டிக்கெட்டை எடுங்க' என்று நான் இழுத்த அதே இழுப்பு, கடைசியில் வருகிற அதே அதட்டல். நான் திரும்பி, "யாரது?" என்றேன். கிதார் "யாரது?" என்றது. "மாப்பிள்ளை, வேணாம்" என்றேன். அதுவும் அதையே சொன்னது, என்னைவிட மரியாதையாக. கொட்டகையே இடிந்து விழுவதுபோல் கூட்டம் சிரித்தது.

இதை நிறுத்துவதற்காக, நிறுத்துவதற்காக மட்டுமே, நான் மேடையில் ஏறினேன். ஏறும்போது மைக் ஒயரில் கால் மாட்டிக்கொண்டது. விடுவித்துக்கொள்ள நான் ஒற்றைக் காலில் தத்த, தத்தலுக்கு ஒன்று வீதம் இராஜரத்தினம் உக்குலேலேயில் மணி அடித்தார். பஸ் மணி! இரண்டு அடித்தால் வண்டி புறப்பட வேண்டும் என்று உடம்பில் ஊறிப்போனதால், நான் என்னையறியாமல் பக்கத்தில் இருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். அது கம்பம் இல்லை, இராஜரத்தினம். அவர் குனிந்து என் காதில், "ஐயா, பயப்படாதேங்கோ, அப்பிடியே பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ, நல்லாயிருக்கு" என்றார். எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது. நேராகக் கிதாரிடம் போய், அதன் முகத்துக்கு முன்னால் விரலை நீட்டி, "நீ எங்க ஏறுனே?" என்று கேட்டேன். ஒரு மனுஷன் கிதாரிடம் கேட்கிற கேள்வியா இது? அது கம்மிய குரலில், பயந்துபோய், டிக்கெட் எடுக்காதவன் எப்படிப் பொய் சொல்வானோ அப்படி ஏதோ மழுப்பியது. "பொய்! நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றேன். அது அழ ஆரம்பித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அதன் மேல் இரக்கமாகப் போய்விட்டது. "சரி சரி, அழாத. அடுத்த ஸ்டாப்புல எறங்கிடு" என்று சொல்லிவிட்டேன். நான் ஒரு வார்த்தைகூட வேடிக்கையாகச் சொல்லவில்லை. பூவம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து சரிவது தெரிந்தது.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் தாங்கள் முக்கியமாக அறிய வேண்டும். கிதாரின் அழுகை நிற்கவில்லை. அது கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே வந்து, எந்த இடத்தில் மாறியது என்று எனக்குத் தெரியாமலே, வெள்ளிக்கிழமை பஜனையில் தாங்கள் கடைசியாக வாசிக்கும் அந்தச் சிந்துபைரவியாகிவிட்டது. கல்யாணத்தன்று தங்கள் பிடிலில் நான் கேட்டிருக்கிறேன். அந்தக் குழைவு, அந்த இடத்தில் கொஞ்சம் தயங்கி நின்று மேலே போவது, எல்லாம் தங்களுடையது. ஐந்நூறு பேரும் சிரித்த வாய் மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பாயசக்காரர் மேடையைப் பார்த்து நேராகத் திரும்பி, கையில் பிரித்த கச்சாங்கைத் தின்ன மறந்து இருந்தார். நான் மேடை நடுவில் தொப்பியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை.

மேடைக்குப் பின்னால் மாப்பிள்ளையிடம், "வாக்கை மீறிட்டீங்களே" என்று ஆரம்பித்தேன். அவர் கிதாரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சும்மா வாசிச்சா யாரும் திரும்பிப் பாக்க மாட்டேங்குறாங்க மாமா. சிரிச்சாத்தான் நிமிந்து ஒக்காருறாங்க. அந்த நேரத்துல நல்லதா ஒண்ணு வாசிச்சிடணும். அதுக்குத்தான் இவ்வளவும். அப்பாகிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல." அப்புறம், "அப்பா வாசிக்கிற மாதிரி இருந்துச்சா மாமா?" என்று கேட்டார். நான் திரும்பி இராஜரத்தினத்தைத் திட்டினேன். அவர், "ஓம் ஐயா, ஓம் ஐயா" என்று எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார். நல்ல மனுஷர்.

இப்போது என் பாடுதான் திண்டாட்டம். திங்கட்கிழமை சிராங்கூன் ரோட்டில் பஸ்ஸில் ஏறி "டிக்கெட்" என்றதும் பின் சீட்டிலிருந்து மூன்று பேர் வாயாலேயே கிதார் வாசித்துப் பதில் சொன்னார்கள். ஆனால் மூன்று பேரும் டிக்கெட் எடுத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை டிப்போ மானேஜர் கூப்பிட்டனுப்பினார். வேலை போயிற்று என்று நினைத்துத் தொப்பியை ஒப்படைக்கத் தயாராகப் போனேன். டிப்போவின் வருஷ விருந்துக்கு அந்த இரண்டு பேரையும் கூட்டி வர முடியுமா என்று கேட்டார். "கூடவே நீங்களும்" என்றார். நான் மட்டும் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இனி மேடை ஏறுவதில்லை என்று பூவம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் எதற்கோ சிரித்தாள்.

ஆகவே, சம்பந்தி, தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்வது என்னவென்றால், தாங்கள் தயவுசெய்து இப்போது இங்கே வர வேண்டாம். கோபத்தோடு வந்து கிதாரில் கை வைத்துவிட்டால், பிறகு நம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இருக்காது. ஆறு மாதம் பொறுங்கள். மாப்பிள்ளைக்கு நான் பொறுப்பு. அவருக்கு ஒரு வரி, ஒரே ஒரு வரி, அவர் பெயருக்கே எழுதிப் போடுங்கள். அது போதும். நேரில் மட்டும் வராதீர்கள். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் கும்பிடு. தங்கள் குடும்பமும் வியாபாரமும் குறைவின்றி இருக்க வேண்டும்.

இப்படிக்கு, தங்கள் அன்பை விட்டுப் பிரியாத,
மருதப்பன்

பின்குறிப்பு (வியாழன் காலை): ஸ்டாம்பு ஒட்டி, தபாலில் போட வாசலுக்கு வந்தால், தாங்கள் கையில் பையோடு நின்றுகொண்டிருக்கிறீர்கள். காலை ரயிலில் வந்தீர்களாம். இதை எழுதும் இந்த நேரத்தில் தாங்கள் என் எதிரில்தான் உட்கார்ந்து காப்பி குடிக்கிறீர்கள். நான் என்ன எழுதுகிறேன் என்று கேட்டதற்கு ஆபீஸ் கணக்கு என்று சொன்னேன், மன்னிக்கவும். உள்ளறையில் மாப்பிள்ளை, தாங்கள் வந்தது தெரியாமல், தேக்கா கோழியை வாசித்தபோது தாங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். தோள் குலுங்கியதை நான் பார்த்துவிட்டேன். தாங்கள் அழுகிறீர்கள் என்று நினைத்துப் பூவம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். அப்புறம் தாங்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தீர்கள்: "டேய் தங்கராஜு, மூணாவது கம்பி எறங்கியிருக்குடா. ஏத்து." அவர் ஓடிவந்து வாசற்படியில் நின்றார். பதினொரு மாதம் கழித்து வந்த பேச்சு. அவர் கிதாரை நீட்ட, தாங்களே வாங்கிக் கம்பியை ஏற்றிக் கொடுத்தீர்கள்.

ஆகையால் மேலே 'வர வேண்டாம்' என்று எழுதியிருக்கும் இடங்களைப் படிக்காமல் விட்டுவிடவும். ஒட்டிய ஸ்டாம்பு வீணானாலும் எழுதியது வீணாகக் கூடாது என்று கடிதத்தைத் தங்கள் கையிலேயே தருகிறேன். தாங்கள் நாளைக்கே திரும்ப வேண்டும் என்று கமலாவிடம் சொல்லிக்கொண்டிருப்பது காதில் விழுகிறது. சனிக்கிழமை டிப்போவில் விருந்து. இருந்து பார்த்துவிட்டுப் போங்கள். மேடையில் மூன்றாவது ஆளாக நானும் வருகிறேன்.