வாசல் புல்லுக்குத் தண்ணீர் வரவில்லை

இந்த வருஷமும் மாடாக உழைக்கப்போவதில்லை என்று ஜூலை பிறந்த அன்றைக்கே ஆர்லன் சபதம் எடுத்துவிட்டார்.

பேச்சுக்குச் சொல்கிற மாடு இல்லை. வண்டியில் பூட்டுகிற மாடு. அவர் மனைவி வில்டாவின் முப்பாட்டன்மார் சட்டி பானையெல்லாம் கைவண்டியில் ஏற்றி, தாங்களே இழுத்துக்கொண்டு மலை தாண்டி அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்கு வந்தவர்கள். அந்தப் பெருமையைக் கொண்டாட ஒவ்வொரு ஜூலை இருபத்து நான்காம் தேதியும் வில்டாவின் குடும்பம் மொத்தமும், அறுபத்திரண்டு தலைகள், மலையோர ஏரிக்கரையில் கூடாரம் அடித்துவிடும். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன். நடுவில் ஒரு கைவண்டி. அதில் மாமியார் பழங்காலத்துக் குல்லாயோடு ஏறி உட்கார்ந்துகொள்வார். இரண்டு மைல் இழுக்க வேண்டியது மூத்த மாப்பிள்ளை. அதாவது ஆர்லன்.

"உங்க முப்பாட்டனுக்கு மாடு வாங்க வக்கில்லாம போனதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்று ஒருதடவை கேட்டுப் பார்த்தார். வில்டா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அந்தத் திருவிழாவால் அவருக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான்.

போன இரண்டு வருஷமாக ஆர்லன் தப்பித்துவிட்டார். காப்பாற்றியது, புல்லுக்குத் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர். அந்த ஊர் வெயிலுக்கு நாலு நாள் தண்ணீர் காட்டாவிட்டால் புல் வைக்கோலாகிவிடும். ஸ்பிரிங்க்ளர் ரிப்பேர் என்று ஒருவன் சொன்னால், சொந்தத் தம்பி கல்யாணத்துக்கு வராவிட்டாலும் அந்தத் தெருவில் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

ரிப்பேர் செய்வதுதான் கஷ்டம். ரிப்பேர் ஆக்குவது சுலபம். கார் ஷெட் சுவரில் ஒரு டைமர் பெட்டி. தோட்டத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் அதிலிருந்து ஒரு கம்பி போகிறது. வாசல் புல்லுக்குப் போகும் கம்பியின் திருகைத் தளர்த்தி, கம்பியை ஒரு நூல் வெளியே இழுத்துவிட்டால் போதும். விடிகாலை ஐந்து மணிக்குப் பின்பக்கமெல்லாம் தண்ணீர் சீறும், வாசல் பக்கம் ஒரு சொட்டு வராது. திருவிழா முடிந்ததும் திருகை இறுக்கிவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இருபதாம் தேதி காலை ஆர்லன் வாசலில் நின்று தலையில் கையை வைத்துக்கொண்டார். வில்டா எலுமிச்சம்பழ ஜூஸோடு வந்தாள்.

"என்னங்க, மூணாவது வருஷமா சரியா இதே வாரத்துல ரிப்பேர் ஆகுதே?"

"வெயில் அப்படி. குழாயும் எவ்வளவுதான் தாங்கும்?"

"பின்பக்கக் குழாய் மட்டும் குடை பிடிச்சிட்டு நிக்குதாக்கும்?"

ஆர்லன் காரியத்தில் இறங்கினார். பதினான்கு தெளிப்பான்களையும் கழற்றினார். உள்ளே இருந்த சல்லடைகளைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, திரும்ப மாட்டினார். எது எங்கே என்று தெரிய ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கொடி நட்டார். வாசல் ஏதோ மாநாட்டுப் பந்தல் மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் மண்ணில் புதைத்திருந்த வால்வுப் பெட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு சிலந்தி எட்டிப் பார்த்தது. ஆர்லன் மூன்றடி பின்னால் போனார்.

வில்டா குனிந்து சிலந்தியைத் தட்டிவிட்டாள். "வால்வு மேல இருக்கற இந்த உருளையை லேசா திருகினா என்னாகும்?"

"அதைத் தொடா..."

அவள் திருகினாள். பதினான்கு தெளிப்பான்களும் ஒன்றாக எழுந்து பீய்ச்சின. எட்டாவது தெளிப்பான் ஆர்லனின் கால்சராய்க்கு நேர் கீழே இருந்தது. வில்டா உருளையை மறுபடி இறுக்கித் தண்ணீரை நிறுத்தினாள்.

"பாத்தீங்களா! கையால திறந்தா வருது. அப்ப குழாய் நல்லாருக்கு, வால்வும் நல்லாருக்கு. மிச்சம் கம்பிதான். டைமர் பெட்டியைத் திறந்து பாத்தீங்களா?"

ஆர்லன் அவசரமாகக் கையை ஆட்டினார். "அது கரென்ட் சமாச்சாரம். நீ கிட்டவே போகாத."

"இருபத்துநாலு வோல்ட்டுங்க. எறும்புகூட சாகாது."

"உனக்குத் தெரியாது. இனிமே தினமும் விடியக்காலம் நானே கையால திறந்து, கையால மூடணும். வேற வழியில்ல. நீ போயிட்டு வா. எனக்கும் வரணும்னு எவ்வளவு ஆசை!" அவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். ஈரத்துக்குத்தான் பஞ்சமில்லையே.

வில்டா பெருமூச்சு விட்டாள். "பாவம். உங்களை இப்படித் தனியா விட்டுட்டு நான் மட்டும் எப்படிப் போவேன்?" என்று சொல்லிப் போனை எடுத்தாள்.

"ஹலோ, கார்த் அண்ணா? இவரால வர முடியலையாம்... ஆமா, அதேதான். அதனால எல்லாரும் இங்க வந்துடுங்க... எங்க வாசல்லதான். கூடாரம் எத்தனை? பதினேழா? தாராளமா போடலாம்... ஆணியா? ஒரு முழ ஆணியே அடிச்சுக்கலாம், மண்ணு மெத்துனு இருக்கு."

ஆர்லன் வெலவெலத்துப்போனார். ஒரு முழ ஆணி! அரை முழத்தில் குழாய் ஓடுகிறது!

"கைவண்டியா? புல்லு மேலயே ஓட்டலாம் அண்ணா. இவர் இங்கயே சுத்திச் சுத்தி இழுப்பாரு. ரெண்டு மைலுன்னா ஒரு நூறு சுத்து வருமா?"

பதினோரு வருஷம் வளர்த்த புல். பெற்ற பிள்ளைகளையே செருப்போடு மிதிக்க விடாத புல். அதில் அறுபத்திரண்டு பேர், பதினேழு கூடாரம், இரும்புப் பட்டை போட்ட சக்கரம். ஆர்லனுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. கார் ஷெட்டுக்கு ஓடினார். கம்பியைச் செருகித் திருகை இறுக்கிப் பொத்தானை அமுக்கினார். வாசலில் பதினான்கும் எழுந்து நின்று தெளித்தன.

"வில்டா! சரியாயிடுச்சு! வர வேணாம்னு சொல்லு! சீக்கிரம் சொல்லு!"

"அட! என்னங்க பண்ணீங்க?"

"ஒரு கம்பி... லூசா இருந்துச்சு."

"நான் அப்பவே சொல்லல?" வில்டா போனில் திரும்பினாள். "அண்ணா, சரியாயிடுச்சாம். நாங்களே வந்துடறோம். ஆமா, இவரும்தான். ஒரே துடிப்பா இருக்காரு."

இருபத்து நான்காம் தேதி காலை ஏரிக்கரையில் கார்த், எலும்பு நொறுங்குகிற மாதிரி ஆர்லனைக் கட்டிக்கொண்டார். "வாங்க மாப்பிள்ளை! ரெண்டு வருஷமா வண்டி அழுதுட்டு இருக்கு!"

"மன்னிக்கணும் மச்சான். அங்க வா, இங்க வான்னு உங்களையெல்லாம் அலைக்கழிச்சுட்டோம். கூடாரத்தையெல்லாம் பிரிச்சுட்டீங்களோ?"

"எதுக்குப் பிரிக்கணும்?"

"வில்டா போன்ல சொன்னாளே?"

"போனா?" கார்த் சிரித்தார். "நாங்க இடம் பிடிக்க முன்னாடியே வந்து ஆறு நாளாச்சு மாப்பிள்ளை. இந்தப் பள்ளத்தாக்குல போன் எடுக்கவே எடுக்காது. தெரியாதா உங்களுக்கு?"

ஆர்லன் மெல்லத் திரும்பிப் பார்த்தார். வண்டியில் மாமியார் குல்லாயோடு தயாராக இருந்தார். பக்கத்தில் வில்டா ஒரு மெத்தையைத் தட்டிப் போட்டுச் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

"இந்த வருஷம் நானும் ஏறிக்கறேங்க. அன்னிக்கு அவ்வளவு நேரம் போன்ல பேசினதுல ரொம்பக் களைப்பாயிடுச்சு."