மயிலக்காவின் பலாப்பழத் தொட்டில்

ஜொகூர் மாநிலம் முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும் கால் கட்டைவிரலால் பூத்தையல் போட்டவர் மயிலக்கா ஒருவர்தான். இன்னொருவர் இருந்தார் என்று யாராவது சொன்னால், நான் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் கோத்தா திங்கிக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரஸ்ஸராக இருந்தேன். அதாவது, காய்ச்சலுக்குக் கொய்னா, வயிற்றுக்கு விளக்கெண்ணெய், மற்ற எல்லாவற்றுக்கும் அயோடின் என்று வைத்துக்கொண்டு ஒரு தோட்டத்தையே உயிரோடு காப்பாற்றி வந்த ஆள். கல்யாணம் ஆகவில்லை. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் வேறு. என்னைப் பற்றி நான் என்ன நினைத்துக்கொண்டிருந்திருப்பேன் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

என் வீட்டுக்கு எதிரே தொழிலாளர் லயம், ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசை. அதன் முதல் வீட்டில் மயிலக்கா. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. காலையில் ஆளெடுக்கும் பிரட்டுக் களத்தில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். கணவர் வேலு, புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் காயப்போடுகிறவர். அவர் வாயிலிருந்து 'சரி' என்பதைத் தவிர வேறு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. இவர்களுக்கு இரட்டைப் பையன்கள், தங்கராசு, செல்வராசு. ஒரே அச்சு. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாததால் அக்கா ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். இரண்டு பேர் கையிலும் ஆளுக்கொரு பிஸ்கட் கொடுப்பார். தின்றால் தங்கராசு. பிய்த்துத் தூளாக்கித் தரையில் போட்டால் செல்வராசு. பிஸ்கட்டில் மட்டுமில்லை, உலகத்தில் எந்தப் பொருள் கிடைத்தாலும் ஒருவன் தின்பான், இன்னொருவன் பிரிப்பான். அவர்களுக்குள் அப்படி ஓர் ஒப்பந்தம்.

இப்படிப்பட்ட இரண்டை வைத்துக்கொண்டுதான் அக்கா அந்தச் சபதத்தைச் செய்தார்.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கருவறைத் திரை கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. திருவிழாவுக்குள் சிங்கப்பூரில் சொல்லி ஒரு திரை தைத்து வாங்கிவிடலாம் என்று பெரிய கங்காணி கூட்டத்தில் சொன்னார். கோயில் தலைவர் அவர்தான். தோட்டத்தில் அவர் சொன்னால் மழைகூட யோசித்துத்தான் பெய்யும். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் தைச்சுத் தர்றேங்க."

எல்லோரும் திரும்பினார்கள். இடுப்புக்கு ஒன்றாக இரண்டையும் தூக்கிக்கொண்டு அக்கா நின்றார். தங்கராசு அவர் தாலிக் கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தான். செல்வராசு கொண்டையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"ஏம்மா, உனக்கு இதுங்களக் குளிப்பாட்டவே பொழுது பத்தாது. நீ எங்க தைக்கிறது?" என்றார் கங்காணி.

"வெல்வெட்டுத் துணியில மயிலு போட்டுத் தர்றேன். தோகையில மணி வச்சு."

"மாரியம்மாளுக்கு எதுக்கு மயிலு? அது முருகன் வாகனமில்ல?"

"மகன் வண்டி அம்மா வீட்டு வாசல்ல நிக்கக் கூடாதுங்களா?"

கூட்டம் சிரித்துவிட்டது.  அந்தக் கோபத்தில் கங்காணி கெடு வைத்தார். திருவிழாக் கொடி ஏறுவதற்குள் திரை முழுதாக முடிந்து கைக்கு வர வேண்டும். ஒரு மணி குறைந்தாலும் சிங்கப்பூர்த் திரைதான். அப்புறம் ஆயுசுக்கும் அக்கா கோயில் காரியத்தில் வாயைத் திறக்கக் கூடாது. வேலுவைப் பார்த்து, "என்னப்பா, சம்மதமா?" என்றார். வேலு, "சரி" என்றார்.

ஏன் அக்கா இந்த வம்பு என்று பிறகு கேட்டேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, தெனமும் மரம் வெட்டுறேன். வெட்டுன பட்ட மறுபடி மூடிக்குது. வடிஞ்ச பால் தொரைக்குப் போயிடுது. சோறு ஆக்கினா சாயங்காலம் சட்டி காலி. இது நான் செஞ்சதுன்னு தொட்டுக் காட்ட எங்கிட்ட என்ன இருக்கு?"

"பிள்ளைங்க ரெண்டு இருக்கே?"

"இருக்கு. அதுங்க என்னைக் கேட்டா வளருது?"

காலையில் மரம் வெட்டப் போகும்போது இரண்டையும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார். மத்தியானம் திரும்பியதும் ஆயா இரண்டையும் முதல் ஆளாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார், ஏதோ கடனை அடைப்பது மாதிரி. அதற்கப்புறம்தான் தையல். பெக்கான் நானாஸ் ஊரிலிருந்து அன்னாசி வந்த பெரிய மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, அடிப்பலகையை எடுத்துவிட்டு, நாலு பக்கமும் அடைப்பாக வைத்து இரண்டையும் உள்ளே விட்டார். நல்ல யோசனைதான். பையன்கள் இரண்டு பேரும் ஒரே பக்கமாகத் தள்ளி, பெட்டியோடு வாசலைத் தாண்டி, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டுக் கீரைப் பாத்தி வரை போய்விட்டார்கள். பாத்தியில் ஒருவன் தின்றான், ஒருவன் பிரித்தான்.

இப்போது கட்டைவிரல் விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் பச்சைக் குழந்தைகளாக இருந்தபோது, உத்தரத்தில் சேலைத் தொட்டில் கட்டி, இரண்டையும் ஒன்றாகப் போட்டு, தொட்டில் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டுதான் அக்கா தையல் பழகினார். கால் ஓர் இழுப்பு, கை ஒரு தையல். இழுப்பு சீராக இருந்ததால் தையலும் சீராக விழுந்தது. பிள்ளைகள் எழுந்து நடக்க ஆரம்பித்ததும் தொட்டில் காலியானது. கையும் நின்றுபோனது.

"வெறும் தொட்டில ஆட்டிப் பாருங்களேன்" என்றேன், படித்தவன் என்ற முறையில்.

"பாத்தேன் தம்பி. கனம் இல்லாம காத்துல பறக்குது. தையலும் பறக்குது. காலு கனமா இழுத்தாத்தான் கை ஓடுது."

மறுநாள் வேலு கொல்லையிலிருந்து ஒரு பலாப்பழத்தைத் தூக்கி வந்தார். இரண்டு பிள்ளைகளின் கனம் சரியாக இருந்தது. அதைத் தொட்டிலில் போட்டு மூடிவிட்டு அக்கா ஆட்ட ஆரம்பித்தார். மயிலின் கழுத்து வளைவு அந்த வாரம்தான் வந்தது.

இது எனக்கும் வேலுவுக்கும் மட்டும் தெரியும். அப்போதுதான் ஊரிலிருந்து வந்து சேர்ந்திருந்த கிராணியின் மனைவிக்குத் தெரியாது. இரட்டைப் பிள்ளைகளைப் பார்க்க ஆசையாக வந்தவர், அக்கா தண்ணீர் எடுக்கப் போயிருந்த சமயம், இருட்டு வீட்டுக்குள் தொட்டில் கனமாகத் தொங்குவதைக் கண்டு, தூங்குகிற குழந்தையை எழுப்பக் கூடாதே என்று துணிக்கு மேலாகத் தடவிப் பார்த்திருக்கிறார். உடம்பெல்லாம் முள்ளு முள்ளாகக் கைக்குத் தட்டுப்பட்டது. அம்மை என்ற வார்த்தையை நம் ஜனங்கள் வாயால் சொல்வதில்லை. அவரும் சொல்லவில்லை. வெளியே ஓடி வந்து கையை மட்டும் கூப்பினார்.

ஒரு வீட்டில் 'அம்மா வந்திருக்கா' என்றால் லயத்தில் என்ன நடக்குமோ அத்தனையும் நடந்தது. நான் மருந்துப் பெட்டியோடு ஓடியபோது அக்காவின் வாசலில் வேப்பிலை தொங்கிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டில் கூழ் காய்ச்ச அடுப்பு மூட்டியாகிவிட்டது. ஜனங்கள் எட்டி நின்று கும்பிட்டார்கள். உள்ளே போனால், அக்கா அதற்குள் பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்து, ஒன்றும் அறியாதவராகக் காலை ஆட்டிக்கொண்டு தைத்துக்கொண்டிருக்கிறார். கட்டிலுக்கு அடியில் செல்வராசு விளக்குமாற்றைக் குச்சி குச்சியாகப் பிரித்துக்கொடுக்க, தங்கராசு ருசி பார்த்துக்கொண்டிருந்தான். நான் தொட்டில் துணியை விலக்கி, ஸ்டெதாஸ்கோப்பைப் பழத்தின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.

"பயப்படாதீங்க. நல்லாப் பழுத்திருக்கு" என்றேன்.

கிராணியம்மா அதன் பிறகு பல மாதம் என்னோடு பேசவில்லை. பழத்தை லயமே பங்கு போட்டுச் சாப்பிட்டது. அக்காவுக்கு வேறு பழம் கொண்டுவர வேலு, "சரி" என்று கிளம்பினார்.

கொடியேற்றம் நெருங்கியது. தோகை முடிந்தது. கால்கள் முடிந்தன. கண் மட்டும்தான் பாக்கி. அதற்கு அக்கா தன் கல்யாணத் தோட்டின் நீலக்கல்லை எடுத்து வைத்திருந்தார். ஜோடித் தோடு எப்போதோ மரக்காட்டில் தொலைந்துபோனது. பக்கவாட்டில் நிற்கிற மயிலுக்கு ஒரு கண் போதும் என்பதால்தான் மயிலையே பக்கவாட்டில் நிறுத்தினாராம். அந்தக் கல்லை மடியில் வைத்துவிட்டு நூல் எடுக்கத் திரும்பினார். மறுபடி பார்த்தபோது கல் இல்லை.

இரண்டு பேரும் ஒரே மாதிரி சாதுவாக உட்கார்ந்திருந்தார்கள். அக்கா என்னைக் கூப்பிட்டார். பிஸ்கட் பரிசோதனை நடத்தி, கல்லை விழுங்கிய ஆளைக் கண்டுபிடித்து, வாழைப்பழமும் சோறும் கொடுக்கச் சொன்னேன். கல் சின்னது, வழுவழுப்பானது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, தானாக வரும் என்று தைரியம் சொன்னேன். அதற்கப்புறம் தோட்டத்தில் எனக்கு நிம்மதி போயிற்று. பிரட்டுக் களத்தில் ஆண்களும் பெண்களும் என்னைப் பார்த்துக் கேட்ட ஒரே கேள்வி, "வந்துச்சா?" தபால் ஏதோ வரவேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துத் துரையும் ஒரு நாள் விசாரித்தார். கிராணி விளக்கிச் சொன்னதும் அவர் வேகமாகப் பங்களாவுக்குப் போய்விட்டார்.

வந்தது. வெந்நீர், மஞ்சள், என் ஸ்பிரிட் எல்லாவற்றாலும் கழுவினோம். அம்மனுக்கே மூக்குத்தியாகப் போடலாம் என்கிற அளவுக்குச் சுத்தம். அதற்குள் கங்காணி குறுக்கே வந்து நின்றார்.

"இத அம்மன் தெரையில வைக்க முடியாது. எங்க இருந்து வந்துச்சுன்னு தோட்டத்துக்கே தெரியும். வேற மணி வச்சுத் தை, இல்லாட்டி சிங்கப்பூருக்கு ஆள் அனுப்புறேன்."

"வேற கண்ணு வச்சா அது வேற மயிலுங்க" என்றார் அக்கா.  அவர் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன். எனக்குக் கங்காணியை அயோடினில் முக்க வேண்டும் போல இருந்தது.

பூசாரி மெலிந்த மனிதர், நிதானமானவர். "நமக்குள்ள எதுக்குச் சண்டை? அம்மாகிட்டயே கேட்டுடுவோம்" என்றார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி வெற்றிலையில் மடித்து அம்மன் முன்னால் போட்டார். குழந்தை எடுப்பது வெள்ளை என்றால் அம்மனுக்குச் சம்மதம்; சிவப்பு என்றால் இல்லை. கள்ளம் கபடம் தெரியாத, பேச்சு வராத பிள்ளைதான் எடுக்க வேண்டும். தோட்டத்தில் அந்த வயதில் நடக்கிற பிள்ளை என்றால் இவர்கள்தான். ஒருவனை மட்டும் இறக்கிவிடுங்கள் என்றார் பூசாரி. ஒருவனை இறக்கினால் மற்றவன் நழுவி இறங்காமல் இருப்பானா?

இரண்டு பேரும் ஓடினார்கள். ஆளுக்கொரு பொட்டலம் எடுத்தார்கள்.

 அம்மன் ஒரே நேரத்தில் சம்மதம் என்றும் இல்லை என்றும் சொன்னதாக எந்தக் கோயிலிலும் கேள்விப்பட்டதில்லை. நாங்கள் விழித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவன் தன் பொட்டலத்தை வெற்றிலையோடு வாய்க்குள் தள்ளிக்கொண்டான். இன்னொருவன் தன்னுடையதைப் பிரித்து, இதழ் இதழாகப் பிய்த்துத் தரையில் எறிந்தான். தரையெல்லாம் சிவப்பு. நான் பாய்ந்து தங்கராசின் வாயில் விரல் விட்டேன். கடித்தான். விரலோடு வெளியே வந்தது மல்லிகை.

பூசாரி தரையைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார், கங்காணியைப் பார்த்தார்.

"அம்மா சொல்லிட்டா. வெள்ளைய ஏத்துக்கிட்டா. சிவப்பப் பிச்சுப் போட்டுட்டா."

கங்காணி மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு அக்காவைப் பார்க்காமலே, "கொடி நாளைக்கு ஏறுது. போய்த் தைச்சுக் கொண்டா" என்றார். பின்னால் நின்ற வேலு, யாரும் கேட்காமலே, "சரி" என்றார்.

மறுநாள் கொடி ஏறும் முன்பே திரை கட்டியாகிவிட்டது. உள்ளே அம்மனுக்கு அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. அது முடிந்து திரை விலகும்வரை ஜனங்களுக்குத் தெரிந்தது கருநீல வெல்வெட்டும் அந்த மயிலும்தான். கற்பூர வெளிச்சம் பட்டபோதெல்லாம் கண் மினுங்கியது. நல்ல கூட்டம். அக்கா எங்கே என்று தேடினேன். கடைசியில், தூணுக்குப் பின்னால், இடுப்புக்கு ஒன்றாக இரண்டையும் வைத்துக்கொண்டு எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னால போறதுதானே அக்கா?"

"எப்படிப் போறது தம்பி? இதுங்கள விட்டா தெரையவே பிரிச்சிடும். நேத்து ராத்திரி தைச்சு முடிச்சதும் கொண்டு போயிட்டாங்க. முழுசா விரிச்சு நான் இன்னும் பாக்கல."

நான் கை நீட்டினேன். முதலில் நம்பாமல் பார்த்தார். பிறகு ஒன்றை என் வலக்கையில் கொடுத்தார், இன்னொன்றை இடக்கையில் கொடுத்தார். வெறுங்கையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். திரைக்கு நேர் எதிரே நின்றார். அந்த இரண்டு கைகளையும் என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு தடவை சேலையில் துடைத்துக்கொண்டார். கும்பிடவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.

இங்கே ஒருவன் என் சட்டைப் பொத்தானை வாயில் போட்டான், தோண்டி எடுத்தேன். மற்றவன் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். கழற்றட்டும் என்று விட்டுவிட்டேன். அலங்காரம் முடிய இவ்வளவு நேரமா என்று பின்னாலிருந்து முணுமுணுத்தார்கள். வழக்கமாக அந்த முணுமுணுப்பை ஆரம்பித்து வைக்கிறவன் நான்தான். எனக்கு அந்த மனுஷியை அவ்வளவு பிடித்திருந்தது. திரை இன்னும் கொஞ்ச நேரம் மூடியே இருக்கட்டும் தாயே என்று அன்றைக்கு மட்டும் வேண்டிக்கொண்டேன்.