ரிஜெக்ட் அக்காவும் ஆறாம் பாகமும்

கதைப் புத்தகத்துக்கு செக்யூரிட்டி வேலை பார்த்த ஒரே மனுஷி இந்த உலகத்தில் ரிஜெக்ட் அக்காதான். சுங்குவார்சத்திரம் லேடீஸ் ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில். நிஜப் பெயர் கம்பெனி அடையாள அட்டைக்குத்தான் தெரியும்.

செல்போன்களைச் சோதித்து, கோளாறானதை லைனுக்கே திருப்பி அனுப்புவது அவள் வேலை. ஹாஸ்டலிலும் அதே வேலைதான். சிறுவர் மாயக்கதை ஒன்று ஏழு பாகமாக அவளிடம் இருந்தது. கிணற்றுக்கு அடியில் ஒரு நாடு, பேசுகிற ஒட்டகம் ஒன்று அதன் தளபதி. எல்லா ஷிஃப்ட்டுப் பெண்களும் கைமாற்றிப் படித்து, அட்டையெல்லாம் தேங்காய் எண்ணெய். ஒரு பாகம் முடித்தவள் அக்காவின் கேள்விக்குப் பதில் சொன்னால்தான் அடுத்தது கிடைக்கும். முழித்தால், "ரிஜெக்ட்! மொதல்லேர்ந்து படி!"

ஹாஸ்டலில் சண்டையெல்லாம் ஆறாம் பாகத்தால்தான் வரும். ஐந்தின் கடைசியில் ஒட்டகத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். பிழைத்ததா என்பது ஏழில். நடுவில் இந்த ஆறு, அந்த நாடு உண்டான பழங்கதையைச் சாவகாசமாகச் சொல்லும். அதில் ஒட்டகம் பிறக்கவே இல்லை.

"இத்த தாண்டிட்டா இன்னாக்கா?" என்று யாராவது கேட்டால் போச்சு.

"ஸ்க்ரூ போடாத போனை டெஸ்டிங்குக்கு அனுப்புவியா? எழுதுனவரு ஆறாவதாத்தான் வச்சிகீறாரு. நீ இன்னா அவருக்கு சூப்பர்வைசரா?"

உனக்குப் பிடித்தது எந்தப் பாகம் என்று கேட்டாலும், "அல்லாமே ஓகே பீஸ்தான்" என்பாள்.

நான் ஐந்தை முடித்த அன்று அப்பா போன் செய்தார். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, நாளைக்கே கிளம்பி வா. எனக்கு மாப்பிள்ளை கவலையைவிட ஒட்டகத்தின் கவலைதான் பெரிதாக இருந்தது. புகுந்த வீட்டில் யார் எனக்குக் கதைப் புத்தகம் தேடித் தரப் போகிறார்கள்? அது செத்ததா பிழைத்ததா என்றே தெரியாமல் தாலி கட்டிக்கொள்ள வேண்டும். நிஜமாகவே அழுதேன்.

"ஏழை மட்டும் குடுக்கா. ஆறு வேணாம்."

"முடியாது."

கல்நெஞ்சக்காரி என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

காலையில் பஸ் ஸ்டாப்பில் பார்த்தால், பக்கத்தில் பையோடு அக்கா. ஓ.டி.யைக்கூட விடாதவள் லீவு போட்டிருந்தாள்.

"பஸ்ல படிச்சா ஒனக்கு வாந்தி வரும். நீ ஜன்னலாண்ட குந்து, நான் ஆறாவத படிச்சிகினே வரேன்."

படித்தாள். காஞ்சிபுரத்தில் பஸ் மாறியும் விடவில்லை. ஹாரன் அடித்தால் அதைவிடச் சத்தமாகப் படித்தாள். ஆரணியில் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது கண்டக்டரே வந்து நின்றார். "யம்மா, அந்த ராஜா கெணறு வெட்னானா இல்லியா? சொல்லிட்டு குடி!"

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் அப்பா காத்திருந்தார். அக்கா அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. என்னை நிறுத்தி வைத்து, "கெணத்த யாரு வெட்னது? எதுக்கு?" என்றாள்.

"ராஜா. காணாம போன தங்கச்சியத் தேடி."

"பாஸ்." பையிலிருந்து ஏழாம் பாகத்தை எடுத்து என் கையில் வைத்தாள். "இதான் என் சீர். பத்திரம்." அடுத்த பஸ்ஸில் ஏறித் திரும்பிப் போய்விட்டாள்.

ஒட்டகம் என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள். வரிசையாகப் படித்துவிட்டு வாருங்கள். மற்ற பாகங்களைப் பிற்பாடு நானே தேடி வாங்கினேன். என் மகள் ஏழு பாகத்தையும் முடித்துவிட்டாள், ஆறு சுத்த மொக்கை என்கிறாள். மொக்கைதான். ஆனால் எனக்குப் பிடித்தது அதுதான். எப்போது பிரித்தாலும் ஹாரனுக்கு மேலே அக்காவின் குரல் கேட்கிறது.